அகத்தித் தீவு விமான நிலையம்: ஓடுபாதையை நீட்டுவதா, தீவுக்கு ஏற்ற விமானத்தைத் தேடுவதா?

நெய்தற்கரை (இழையைத் தொடங்கியவர்):

லட்சத்தீவுக்கென்று இருக்கும் ஒரே விமான நிலையம் அகத்தியில்தான் உள்ளது. தீவின் தென்கோடி மெலிந்து முடியும் இடத்தில், ஒருபுறம் கடற்கழியும் மறுபுறம் ஆழ்கடலும் நெருக்கிக்கொண்டு நிற்க, சுமார் 1,200 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒற்றை ஓடுபாதை போடப்பட்டிருக்கிறது. 1988 இல் வாயுதூத் நிறுவனத்தின் டோர்னியர் 228 விமானங்களோடு தொடங்கிய சேவை, பிற்பாடு ஏடிஆர் என்ற, சற்றுப் பெரிய உந்துவிசிறி விமானங்களுக்கு மாறியது. கொச்சி அங்கிருந்து ஏறத்தாழ 460 கிலோமீட்டர். கப்பலில் பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாத அந்தத் தொலைவை விமானம் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது.

2024 சனவரியில் பிரதமரின் பயணத்துக்குப் பிறகு லட்சத்தீவின்மேல் நாடு முழுவதும் ஒரு திடீர் ஆர்வம் எழுந்தது. அதே ஆண்டு மார்ச் 31 அன்று இண்டிகோ பெங்களூருவிலிருந்து அகத்திக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. கோவாவிலிருந்து ஃப்ளை91 நிறுவனமும் வந்தது. கூடவே, ஓடுபாதையை நீட்டி ஜெட் விமானங்களே இறங்கும்படி செய்ய வேண்டும் என்ற பழைய பேச்சும் புதிய வேகத்துடன் திரும்பியிருக்கிறது. நீட்டுவதற்கு நிலம் இல்லை. தெற்கே அதே பவளத்திட்டின்மேல் இருக்கும் கல்பிட்டி என்ற ஆளில்லாத சிறுதீவை நோக்கித்தான் போக வேண்டும். இடையில் இருப்பது உயிருள்ள பவளப்பார்.

பத்துத் தீவுகளில் வாழும் மக்கள், 2011 கணக்கெடுப்பின்படி, 64,473 பேர். அவர்களுக்கு விமானம் தேவை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. எந்த அளவு விமானம், யாருடைய தேவைக்காக என்பதுதான் என் கேள்வி. விமானத் துறை, கடலறிவியல், மீன்பிடித் தொழில் ஆகியவற்றை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். விரிவாக எழுதுமாறு வேண்டுகிறேன்.

இறக்கைவிரி:

நண்பர் நெய்தற்கரைக்கு நன்றி. பொதுவெளியில் இந்த விவாதம் நடக்கும்போதெல்லாம் வெவ்வேறான இரண்டு கோரிக்கைகளை ஒன்றாகச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலில் அவற்றைப் பிரித்துவிடுவது நல்லது.

ஏடிஆர் 72 விமானம் முழு எடையுடன், கடல்மட்டத்தில், மிதமான வெப்பநிலையில் எழும்புவதற்குச் சுமார் 1,300 மீட்டர் ஓடுபாதை வேண்டும். அகத்தியைப் போல ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவும் இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் அந்தத் தேவை இன்னும் கூடும். ஆகவே 1,200 மீட்டரில் அது இயங்கும்போது எடையைக் குறைத்துக்கொண்டே எழும்புகிறது. குறையும் எடை என்பது நடைமுறையில் காலியாகப் பறக்கும் இருக்கைகளும் ஏற்றாமல் விடப்படும் சரக்கும்தான். இதனோடு எரிபொருள் சிக்கலும் சேர்கிறது. அகத்தியில் மழை திரண்டு இறங்க முடியாமல் போனால் அருகில் மாற்று விமான நிலையம் எதுவும் கிடையாது. திரும்ப நிலப்பகுதிக்கே வரும் அளவுக்கு எரிபொருளைக் கொண்டுபோக வேண்டும். அதுவும் எடை. இந்தக் குறையைப் போக்குவதற்குச் சில நூறு மீட்டர் நீட்டினால் போதும் என்பது முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை, ஏர்பஸ் 320 போன்ற விமானங்கள் இறங்க வேண்டும் என்பது. அதற்கு ஏறத்தாழ 2,000 மீட்டருக்கும் மேல் வேண்டும். ஓடுபாதை முடியும் இடத்தோடு கணக்கு முடிந்துவிடாது. அதற்கப்பால் இரு முனைகளிலும் 60 மீட்டர் சமதளப் பட்டை, அதற்கும் அப்பால் குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்புப் பகுதி இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. பெரிய ஓடுபாதைகளுக்கு 240 மீட்டர் பரிந்துரைக்கப்படுகிறது. அகலமும் 30 மீட்டரிலிருந்து 45 மீட்டராக உயர வேண்டும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் இரண்டாவது கோரிக்கை ஓர் ஓடுபாதையை நீட்டும் வேலையாக இருக்காது. ஒரு பவளத்திட்டின் தென்பகுதியை முழுவதும் கற்காரையால் மூடும் வேலையாகவே இருக்கும்.

முதல் கோரிக்கையைப் பேசிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. இரண்டாவதை நான் ஏற்கவில்லை.

கொச்சிவாழ்தமிழன்:

நான் கொச்சியில் நெடுங்காலமாக வசிக்கிறேன். லட்சத்தீவு மக்களின் வாழ்க்கையில் பாதி இந்த நகரத்தில்தான் நடக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. மேற்படிப்பு, திருமணத்துக்கான துணிமணி, வீட்டுக்கான சிமெண்ட், இதயநோய் மருத்துவர், மகப்பேற்றுச் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் அவர்கள் இங்கேதான் வர வேண்டும். எங்கள் வீட்டின் மேல்மாடியில் ஆந்த்ரோத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்ட பிறகும் கப்பலில் இடம் கிடைக்காமல் நாள்கணக்காகக் காத்திருந்தார்கள். அந்த முதியவர் ஒவ்வொரு காலையும் பயணச்சீட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டு வெறுங்கையுடன் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். மே நடுப்பகுதி தொடங்கிச் செப்டம்பர் நடுப்பகுதி வரை சிறு கலங்கள் கடலில் இறங்குவதில்லை. பெரிய கப்பல்கள் பல தீவுகளில் கரையை அணுக முடியாமல் வெளியே நிற்க, அலையில் ஆடும் படகுக்கும் கப்பலின் பக்கவாட்டுக் கதவுக்கும் இடையே முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் கைமாற்றி இறக்குகிறார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களை பவன் ஹான்ஸ் ஹெலிகாப்டரில் கொண்டுவருகிறார்கள். ஆனால் ஹெலிகாப்டருக்கும் வானிலை உண்டு, எண்ணிக்கை வரம்பும் உண்டு.

இந்த நிலையில், ஓடுபாதையை நீட்டினால் பவளம் அழியும் என்று நிலப்பகுதியில் உட்கார்ந்துகொண்டு நாம் சொல்வது எனக்கு நெருடலாக இருக்கிறது. நம் ஊர்களுக்கு நான்குவழிச் சாலை போடும்போது எத்தனை கண்மாய்களை நிரப்பினோம்? அந்தக் கணக்கை யாரும் நம்மிடம் கேட்கவில்லை. தீவில் பிறந்த குற்றத்துக்காக அவர்கள் மட்டும் இயற்கையின் காவலர்களாகவே இருந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதியா என்பதை இங்கே எழுதுபவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மன்னார்க்கரை:

கொச்சி நண்பரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆயினும் பவளப்பாரை ஓர் அழகுப் பொருளாகவும், அதைக் காப்பதைப் பிறர் மீது நாம் சுமத்தும் ஆடம்பரமாகவும் அவர் எண்ணுவதாகத் தோன்றுகிறது. அகத்தியில் பவளப்பார் என்பதே தரை. அலையின் வேகத்தை உடைப்பதும், உடைந்த பவளத்தூளை மணலாக்கிக் கரைக்கு அனுப்புவதும் அதுதான். கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரமே உள்ள ஒரு தீவு பருவமழைக் கடலின் நடுவில் நின்றுகொண்டிருப்பதற்கு வேறு காரணம் இல்லை.

இதற்குச் சான்று தேடி நாம் அரபிக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல ஆண்டுகள் பவளக்கற்களைப் பெயர்த்தெடுத்த பிறகு, தூத்துக்குடிப் பக்கத்து விளாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிவிட்டன. வான் தீவு தேய்ந்து தேய்ந்து சிறுத்ததால், அதைக் காக்கக் கற்காரையால் செய்த செயற்கைப் பார்களைக் கடலில் வரிசையாக இறக்க வேண்டியிருந்தது. இயற்கை கட்டணமின்றிச் செய்துகொண்டிருந்த வேலையைப் பெரும் பொருட்செலவில் நாம் செய்ய நேர்ந்தது. லட்சத்தீவிலேயே பங்காரம் திட்டைச் சேர்ந்த பறளி தீவுகளில் ஒன்று முழுவதுமாக அரிக்கப்பட்டு மறைந்துவிட்டதை 2017 இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது.

பவளம் ஏற்கெனவே நலிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்ப அலைகளில் லட்சத்தீவுப் பவளங்கள் பெருமளவில் வெளிறின. 2024 இல் மீண்டும் வெளிறின. அகத்தி, கடமத், கவரத்தி ஆகிய மூன்று தீவுகளில் நீண்டகாலம் நடந்த கணக்கெடுப்பின்படி, 1998 இல் சுமார் 37 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 2022 இல் சுமார் 19 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. தப்பிப் பிழைத்திருக்கும் பாதியின் ஒரு பகுதியை நிரப்பித்தான் ஓடுபாதை நீள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட ஆய்வு, கடல்மட்டம் உயரும்போது தென்முனையில் உள்ள இப்போதைய விமான நிலையமே கடும் சேதத்துக்கு உள்ளாகும் வாய்ப்பு மிகுதி என்று கூறியது. அந்த விமான நிலையத்தைக் காக்கும் அரணைத்தான், அதை நீட்டுவதற்காக உடைக்கப் பார்க்கிறோம்.

திசைகாட்டி:

மாலத்தீவில் கடலை நிரப்பி விமான நிலையங்களை அமைத்திருக்கிறார்களே? அதே கடல், அதே வகைத் தீவுகள். அவர்களால் முடிவது நம்மால் ஏன் முடியாது?

மன்னார்க்கரை:

நண்பர் திசைகாட்டிக்கு: மாலத்தீவு அதைச் செய்தது உண்மை. ஏறத்தாழ 1,200 தீவுகளைக் கொண்ட அந்த நாடு, சிலவற்றை இழந்தாலும் மற்றவற்றில் வாழலாம் என்ற நிலையில் இருக்கிறது. அகத்தி மக்களுக்கு அகத்தி ஒன்றுதான். தவிர, மாலத்தீவில் சுற்றுலாப் பயணிகளைத் தொலைவுத் தீவுகளுக்குக் கொண்டுசேர்ப்பதில் பெரும்பங்கு வகிப்பவை ட்வின் ஆட்டர் கடல் விமானங்கள். அவை நீரிலேயே இறங்குகின்றன.

எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுவது சப்பானின் இசிகாகித் தீவு. அங்கே 1,500 மீட்டர் ஓடுபாதை போதவில்லை என்று 1979 இல் சிராகோ என்ற ஊரின் பவளக் கடற்கழியை நிரப்பிப் புதிய விமான நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். அந்தக் கழியில் மீனும் பாசியும் எடுத்து வாழ்ந்த சிராகோ மக்களே முதலில் எதிர்த்தார்கள். நீலப்பவளத்தின் அரிய தொகுதி அங்கே இருப்பது தெரியவந்தபின் உலக அளவில் அறிவியலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். இழுபறி பல ஆண்டுகள் நீடித்து, கடைசியில் இடத்தை நிலத்துக்கு மாற்றி, 2,000 மீட்டர் ஓடுபாதையுடன் 2013 மார்ச்சில் அந்த விமான நிலையம் திறக்கப்பட்டது. பவளமும் பிழைத்தது, விமானமும் வந்தது. ஆனால் இசிகாகியில் மலையும் வயலுமாக மாற்று நிலம் இருந்தது. அகத்தியின் மொத்த அகலமே பல இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆகவே இடத்தை மாற்றும் வழி இங்கே அடைபட்டிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குமரிக்கரை:

கடல்தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். ஒக்கிப் புயலின்போது எங்கள் ஊர்ப்பக்கத்துப் படகுகள் பல, திசைமாறி லட்சத்தீவுகளில்தான் கரையேறின. அந்தத் தீவு மக்கள் எங்கள் ஆட்களுக்குச் சோறும் மாற்றுத்துணியும் கொடுத்துத் தங்கவைத்தார்கள். அந்த நன்றிக் கடனோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஓடுபாதையைப் பற்றிய பேச்சில் அகத்தியின் சூரை மீன்பிடிப்பை யாரும் குறிப்பிடவில்லை. அங்கே வலையை வீசி வாரி எடுப்பதில்லை. தூண்டில் கம்புகளோடு படகின் பின்தட்டில் நின்று, உயிருள்ள சிறு இரைமீன்களைக் கடலில் தூவி, சூரைக் கூட்டம் மேலெழுந்து வெறியோடு பாயும்போது ஒவ்வொன்றாகத் தூக்கி எறிகிறார்கள். சிறு மீன் வீணாவதில்லை, ஆமை சிக்குவதில்லை. இந்த முறை முழுவதும் இரைமீனை நம்பியிருக்கிறது. இரைமீன் கடற்கழியையும் பவளத்தையும் நம்பியிருக்கிறது. கழிக்குள் நீரோட்டம் மாறினாலோ, கட்டுமானச் சேறு பவளத்தின்மேல் படிந்தாலோ, முதலில் குறைவது இரைமீன்தான். இரைமீன் இல்லாத காலையில் படகு கடலுக்குப் போகாது. பிடித்த சூரையை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்துச் செய்யும் மாசிதான் அந்தத் தீவுகளின் காசு. தூத்துக்குடிக் கடைத்தெருவில் மாசியை அறியாதவர் உண்டா?

ஏற்கெனவே கழியில் பச்சை ஆமைகள் பெருகிக் கடற்புல்லை மேய்ந்து தீர்த்ததால் மீன் குறைந்தது என்று அகத்தி மீனவர்கள் முறையிட்டு வந்திருக்கிறார்கள். கடற்புல் பரப்பு சுருங்கியதை ஆய்வாளர்களும் உறுதிப்படுத்தினார்கள். ஆமை கூடினாலே தொழில் ஆடிப்போகும் அளவுக்கு நுட்பமான கழி அது. அதன் வாசலில் கல்லும் மண்ணும் கொட்டுவதற்கு முன், கம்பு பிடிப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும். துறைமுகம் கட்டும்போது எங்கள் கரையில் அப்படிக் கேட்காததன் விளைவை நாங்கள் இன்றும் அனுபவிக்கிறோம். ஒரு பக்கம் மணல் சேர்கிறது; மறுபக்கம் வீடுகள் கடலுக்குள் போகின்றன.

இறக்கைவிரி:

குமரிக்கரை அண்ணன் எழுதியதைப் படித்தபின் என் நிலைப்பாட்டை இன்னும் தெளிவாக வைக்க விரும்புகிறேன். தீவை விமானத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டுவதைக் காட்டிலும், தீவுக்கு ஏற்ற விமானத்தைத் தேர்வது உலகில் பல இடங்களில் நடைமுறையில் உள்ளது.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் பார்ரா என்ற தீவு இருக்கிறது. மக்கள் ஏறத்தாழ 1,200 பேர். அங்கே கட்டப்பட்ட ஓடுபாதையே கிடையாது. பரந்த கடற்கரை மணலில் மூன்று திசைகளில் ஓடுபாதைகளைக் குறித்து, முனைகளில் மரக்கம்பங்களை நட்டிருக்கிறார்கள். ஓதம் ஏறும்போது மூன்றும் நீருக்குள் போய்விடும். ஆகவே விமான அட்டவணையே ஓதத்தின் நேரத்தைப் பார்த்து வகுக்கப்படுகிறது. 1936 முதல் இயங்கும் இந்த நிலையத்துக்கு இன்று கிளாஸ்கோவிலிருந்து 19 இருக்கை ட்வின் ஆட்டர் வருகிறது. இதை ஒரு வேடிக்கைக் காட்சியாக ஊடகங்கள் காட்டுவது வழக்கம். நாம் கவனிக்க வேண்டியது அதன் பின்னால் இருக்கும் ஏற்பாட்டை. விமான நிலையத்தை நடத்துவது ஸ்காட்லாந்து அரசுக்குச் சொந்தமான நிறுவனம். அந்த வழித்தடம் பொதுச்சேவைக் கடமை என்ற பெயரில் அரசு மானியத்தில் பறக்கிறது. பழைய விமானங்கள் தேய்ந்தபோது புதிய ட்வின் ஆட்டர்களை அரசே வாங்கித் தந்தது. தீவுவாசிகளுக்கு அடிப்படைக் கட்டணத்தில் பாதி தள்ளுபடியும் உண்டு. கரீபியக் கடலின் சாபா தீவில் ஓடுபாதை வெறும் 400 மீட்டர். அங்கும் இதே விமானம்தான் சேவை செய்கிறது.

நம்மிடமும் விமானம் உண்டு. கான்பூரில் எச்ஏஎல் நிறுவனம் கட்டும் டோர்னியர் 228, அகத்திக்கு முதலில் வந்த அதே வகை. 2022 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் அதன் 17 இருக்கை வடிவத்தைத் திப்ருகருக்கும் பாசிகாட்டுக்கும் இடையே பறக்கவிட்டது. அகத்தி ஓடுபாதை அதற்குத் தாராளமாகவே போதும். ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கொச்சியிலிருந்து போய், இறங்க முடியாமல் திரும்பும் எரிபொருளையும் ஏற்றினால், அதிலும் சில இருக்கைகளைக் காலியாக விட வேண்டியிருக்கும். ஏடிஆர் 42 இன்னொரு வழி. சுமார் 1,100 மீட்டரில் முழு எடையுடன் எழும்பக்கூடியது. ஏறத்தாழ 48 இருக்கைகள். வெப்பத்தால் சிறிது இழப்பு இருந்தாலும், பெரிய விமானத்தைப் பாதிச் சுமையோடு பறக்கவிடுவதைவிட இது பொருந்தும். ஆக, காலையும் மாலையும் ஒரு நடுத்தர விமானம் கொச்சியிலிருந்து வந்துபோவதே அந்தத் தீவுகளின் உண்மையான தேவைக்கு நெருக்கமானது என்பது என் கணிப்பு.

கொச்சிவாழ்தமிழன்:

ஸ்காட்லாந்து எடுத்துக்காட்டு என்னைச் சிந்திக்க வைத்தது. ஆனால் அங்கே அரசு விமானத்தை வாங்கிக் கொடுத்தது, கட்டணத்தில் பாதியைத் தாங்கியது என்ற பகுதியை நாம் விரைந்து கடந்துவிடக் கூடாது. சிறிய விமானத்தில் ஓர் இருக்கைக்கான செலவு கூடுதலாகும். சிறிய ஊர்களுக்கு விமானச் சேவையை ஊக்குவிக்கும் நம்முடைய உடான் திட்டமும் இழப்பை ஈடுகட்டும் நிதியைத் தருகிறது. ஆனால் அது ஒரு வழித்தடத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குத்தான். பிறகு சந்தை தானாகவே அந்த வழித்தடத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. அறுபத்து நான்காயிரம் பேர் வாழும் பத்துத் தீவுகளில் அந்தச் சந்தை எங்கிருந்து வரும்? சுற்றுலாப் பயணிகளிடமிருந்துதான் வரும். அவர்கள் வந்தால் விலை ஏறும். விலை ஏறினால் மேல்மாடியில் காத்திருந்த அந்த முதியவருக்கு மறுபடியும் கப்பல்தான்.

ஆகவே என் கோரிக்கையை இப்படித் திருத்திக்கொள்கிறேன். ஓடுபாதை நீள்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு விமானத்திலும் குறிப்பிட்ட இருக்கைகள் தீவுவாசிகளுக்கென்று கடைசி நாள்வரை ஒதுக்கிவைக்கப்பட வேண்டும். மருத்துவமனைக் கடிதத்துடன் வருபவருக்கும் உடன்வருபவருக்கும் நிலையான கட்டணம் வேண்டும். அகத்திக்கு வந்திறங்குபவர் கவரத்திக்கோ கல்பேனிக்கோ போவதற்கான விரைவுப் படகின் நேரம் விமானத்தின் நேரத்தோடு பொருந்த வேண்டும். விமானம் இறங்கும் முன்பே படகு கிளம்பிவிடும் அட்டவணையால் யாருக்கும் பயனில்லை. இவற்றில் எதற்கும் ஒரு கூடைப் பவளம்கூடப் பெயர்க்கப்பட வேண்டியதில்லை. இவற்றைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் இருக்கை போதவில்லை என்றால் ஓடுபாதையைப் பற்றிப் பேசலாம்.

ஆனால் சுற்றுலாவே வேண்டாம் என்ற முடிவுக்கு யாரும் போக வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் தீவு இளைஞர்களுக்கு மீனும் தென்னையும் மட்டும் போதா.

நெய்தற்கரை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் நன்றி. கொச்சி நண்பர் முன்வைத்த வரிசையோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். சுற்றுலாவைப் பற்றி அவர் எழுப்பியதற்கு விடையாக, இதுவரை யாரும் தொடாத தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும்.

பவளத் தீவில் ஆறு கிடையாது. மணலுக்கடியில், உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீரே கிணற்று நீர். அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். இந்த நெருக்கடிக்காகத்தான் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் கொண்டு மேல்நீரின் ஆவியைக் குளிரவைத்து நன்னீராக்கும் நிலையத்தை 2005 இல் கவரத்தியில் அமைத்தது. 2011 இல் மினிக்காயிலும் அகத்தியிலும் அதே போன்ற நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும்படி வடிவமைக்கப்பட்டவை. அகத்தியில் வாழ்வோர் சுமார் 7,500 பேர். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 13 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் சரியாக இருக்கும். ஒரு ஜெட் விமானம் 180 பேரைக் கொண்டுவந்து இறக்கும். விடுதி அறையில் தங்கும் ஒருவர் குளிக்கும் நீரை மட்டும் எண்ணினாலே இந்தக் கணக்கு எங்கே போய் முட்டும் என்பது தெரியும். குப்பையும் கழிவுநீரும் போக வேறிடம் இல்லாத நிலத்தில், வருபவரின் எண்ணிக்கைக்கு ஓடுபாதையின் நீளமே இத்தனை காலம் ஒரு மடையாக இருந்து காத்திருக்கிறது. தீவுக்குள் நுழைய வெளியாருக்கு 1967 விதிகளின்படி அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது இன்னொரு தடுப்பு. இரண்டையும் ஒரே காலத்தில் தளர்த்துவதற்கு முன், எத்தனை பேரை இந்தத் தீவு தாங்கும் என்ற எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து விமானத்தின் அளவைக் கணக்கிட வேண்டும். நீதிபதி ரவீந்திரன் தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு லட்சத்தீவுக்கான தீவு மேலாண்மைத் திட்டங்களை ஆராய்ந்தபோது, தாங்குதிறன் என்பதையே அளவுகோலாக வைத்தது. அந்த அளவுகோல் நம் கையில் இருக்கிறது.

இறக்கைவிரி நண்பர் முதல் பதிவில் பிரித்துக் காட்டிய சிறிய நீட்டிப்பைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு கேள்வி உண்டு. தென்முனையில் கல்பிட்டிப் பக்கம் போகாமல், இருக்கும் நிலத்துக்குள்ளேயே வடக்கு முனையில் எவ்வளவு கூட்ட முடியும்? அதற்கு எத்தனை வீடுகளும் தென்னந்தோப்புகளும் போகும்? நில வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் எழுதினால், அந்த வீடுகளின் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துப் பேசலாம்.

இறக்கைவிரி:

வடமுனையில் நீட்டுவது என்றால் ஓடுபாதையின் நீளத்தோடு முடியாது. விமானம் இறங்கிவரும் சரிவுப் பாதையில் நிற்கும் தென்னைகளின் உயரமும் கணக்கில் வரும். தோப்புகளுக்குள் எவ்வளவு தூரத்துக்கு மரங்களை வெட்ட வேண்டியிருக்கும் என்பதை வரைபடத்தில் குறித்து, அடுத்த பதிவில் இடுகிறேன். அதுவரை, குமரிக்கரை அண்ணன் சொன்னபடி அகத்தி மீனவர்களிடமும் தோப்புக்காரர்களிடமும் பேசக்கூடியவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களையும் இந்த இழைக்கு அழைத்து வாருங்கள்.